கேட்கும் முறை

(கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நெடுநாள் நடைபெற்றுவந்த திருப்பணி முற்றுப்பெற்றுக் குடமுழுக்கும் இனிது நிறைவேறியிருக்கிறது. மண்டலாபிஷேகம் முடிந்தபின், அருகிலுள்ள மாற்றுத்திறனாளிகள் இல்லத்தின் பொருட்டு ஓர் இசைவிழா நடத்தி நிதி திரட்டுவதென்று நம் குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர். அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லுமாறு அடியேனைப் பணித்தனர். கொடுங்கள் என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தால் கோபுரம் நிற்கிறது. உங்கள் ஈகைக்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. ஆதலின் கொடுப்பதைப் பற்றியன்று, கேட்பதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

கோயிலுக்காகக் கேட்பது ஒருவகையில் எளிது. ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். நாம் எப்படிக் கேட்டாலும் அவனுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது. மனிதர்க்காகக் கேட்பது அத்தகையதன்று. எவர் பொருட்டுக் கேட்கிறோமோ அவர் மறுநாளும் அதே தெருவில் நடமாட வேண்டியவர். அதே கடையில் பொருள் வாங்க வேண்டியவர். அதே ஊரில் வேலை தேட வேண்டியவர். நாம் திரட்டிய பணம் ஓராண்டில் செலவாகிவிடும். நாம் கேட்ட விதமோ அவரைப் பல்லாண்டுகள் பின்தொடரும்.

இஃது ஏதோ நுண்ணிய வாதம் என்று எண்ணிவிட வேண்டா. உடற்குறையுடையார்க்காக நிதி திரட்டும் விழாக்கள் மிகப் பெரிய அளவில் நடைபெற்ற நாடு அமெரிக்கா. அதன் நன்மையையும் தீமையையும் முழுமையாகக் கண்ட நாடும் அதுவே. அவ்வரலாற்றைச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்ற பெயரை நீங்கள் அறிவீர்கள். நான்குமுறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் 1921-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். நோய்க்குப் பெயர் இளம்பிள்ளை வாதம். ஆனால் அது வயது பார்ப்பதில்லை. அதன்பின் அவர் கால்கள் உரம்பெறவேயில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அந்நீரில் பயிற்சி செய்தால் நலம் உண்டாகும் என நம்பி அவ்விடத்தையே 1926-இல் விலைக்கு வாங்கினார். தம்மைப்போன்ற பிறரும் வந்து தங்கிச் சிகிச்சை பெற ஓர் அறநிலையத்தையும் அடுத்த ஆண்டில் நிறுவினார். செல்வர்களின் நன்கொடையை நம்பியிருந்த அந்நிலையத்திற்குப் பொருளாதார மந்தம் வந்தபோது பண முடை ஏற்பட்டது.

அப்பொழுது ஒரு வழி கண்டார்கள். 1934 ஜனவரி 30-ஆம் நாள், குடியரசுத் தலைவரின் பிறந்தநாளன்று, நாடெங்கும் ஊர்தோறும் நடன விருந்துகள் நடத்தினார்கள். ஓரிரவில் ஆயிரக்கணக்கான விருந்துகள்! பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. ஆடலும் பாடலும் விருந்தும் அறத்திற்குத் துணைபோகலாமா என்று ஐயுறுவார் உளர். நம் நாட்டிலும் நாடகக் கொட்டகைகளில் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்காகச் சீட்டு விற்று நாடகம் நடத்தியிருக்கிறோம். களிப்பு அறத்திற்குப் பகையன்று.

ஆனால் விருந்துக்கு வரக்கூடியவர் யார்? நல்ல உடையும் சீட்டு வாங்கப் பணமும் உள்ளவர்களே. 1938 ஜனவரியில் இளம்பிள்ளை வாதத்திற்கென்று தேசிய நிறுவனம் ஒன்று தோன்றியபோது, எட்டி கேன்டர் என்னும் நகைச்சுவை நடிகர் வேறொரு யோசனை சொன்னார். அமெரிக்க நாணயத்தில் டைம் என்று ஒன்று உண்டு. பத்து சென்ட் மதிப்புடையது. டாலரில் பத்திலொரு பங்கு. நம் ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறியது. ஒவ்வொருவரும் ஒரு டைம் நாணயத்தை உறையிலிட்டு நேரே வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள் என்று வானொலி வாயிலாக வேண்டிக்கொள்வோம் என்றார் அவர். “நாணயங்களின் அணிவகுப்பு” என்று பொருள்படும் பெயரையும் வேடிக்கையாகச் சூட்டினார்.

வேண்டுகோள் ஒலிபரப்பாயிற்று. முதலில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு அஞ்சல் மூட்டைகள் வரத் தொடங்கின, தொடங்கியபின் நிற்கவில்லை. அரசாங்கக் கடிதங்கள் நாணய உறைகளுக்கிடையே புதைந்துபோயின. எண்ணி முடித்தபோது 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் வந்திருந்தன. டாலர் கணக்கில் 2 லட்சத்து 68 ஆயிரம். தொகையை மட்டும் பார்த்தால் 1934-இன் விருந்துகள் ஈட்டியதில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் அந்நாணயங்கள் எத்தனை கைகளிலிருந்து வந்தன என்று எண்ணிப்பாருங்கள்! உண்டியலைத் திறந்து எண்ணிய அனுபவம் உள்ள அன்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நோட்டுக்கட்டு ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சி உண்டாகிறது. குவியலாகச் சில்லறை கிடக்கும்போது உண்டாவது மகிழ்ச்சி மட்டுமன்று, ஒருவகை அச்சமுங்கூட. இத்தனை பேர் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்ற அச்சம் அது. கணக்கு ஒழுங்காக இருப்பதற்கு அந்த அச்சத்தினும் சிறந்த காவல் இல்லை.

இதனிடையே ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கையை 2 கோடியே 68 லட்சம் என்று காட்டியது. அன்று வந்த நாணயம் ஒன்றுக்கு நம் நாட்டில் பத்துப் பேர் வீதம்! எண்கள் இவ்வாறு பொருந்துவது தற்செயலே. எனினும் மனத்தில் நிற்பதற்கு உதவுகிறது.

நாணயம் வந்தது, எங்கே சென்றது? சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களை உயிரோடு வைத்திருந்த இரும்பு நுரையீரல் என்னும் பெருங்கருவிகளை வாங்கச் சென்றது, கால்களுக்குத் தாங்கு கம்பிகள் செய்யவும், ஏழைக் குடும்பங்களின் மருத்துவச் செலவைத் தாங்கவும் சென்றது, ஆராய்ச்சிக்கும் சென்றது. 1950 ஜனவரியில் அரிசோனாவில் பீனிக்ஸ் நகரத்துத் தாய்மார்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கொடுக்க விரும்புவோர் குறித்த நேரத்தில் வீட்டு முகப்பு விளக்கை ஏற்றிவைக்க வேண்டும். விளக்கெரியும் வீட்டுக் கதவை மட்டும் அவர்கள் தட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45,000 டாலர் கிடைத்தது. தொகையினும் அம்முறையே என்னைக் கவர்கிறது. கொடுக்க இயலாதவர் வீட்டுக் கதவை எவரும் தட்டவில்லை. இல்லை என்று சொல்லும் சங்கடம் எவர்க்கும் நேரவில்லை. விளக்கின்மேல் நமக்குள்ள பற்றுக்கு இம்முறை மிகவும் ஏற்றது என்பதை அம்மையார்கள் கவனிக்க வேண்டும்.

1952-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேரை அந்நோய் தாக்கியது. 1954-இல் ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பு மருந்தின் சோதனையில் ஏறக்குறைய 18 லட்சம் குழந்தைகள் பங்குகொண்டனர். 1955 ஏப்ரல் 12-ஆம் நாள், ரூஸ்வெல்ட் மறைந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த அன்று, மருந்து பலித்தது என்ற செய்தி வெளியாயிற்று. மாதா கோயில் மணிகள் ஒலித்தன. அவர் உருவம் 1946-இல் டைம் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டது. நம் நாட்டில் அந்நோயால் இறுதியாகத் தாக்குண்ட குழந்தையைக் கண்டது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹௌராவில். 2014 மார்ச் 27-ஆம் நாள் இப்பகுதி முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதென்று சான்று கிடைத்தது. சின்னஞ்சிறு நாணயங்கள் தொடங்கிவைத்த பணி கடல்கடந்து வந்து நம் குழந்தைகளையும் காத்தது என்று சொல்வது மிகையாகாது.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

அந்நிறுவனத்தார் 1946 முதல் ஆண்டுதோறும் ஒரு குழந்தையைத் தேர்ந்து, அதன் படத்தைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டினார்கள். கம்பியும் பட்டையும் கட்டிய கால்கள், ஊன்றுகோல், குழந்தையின் புன்னகை. பார்த்தவர் உள்ளம் உருகிற்று, பணமும் பெருகிற்று. இதில் ஒரு விந்தை பாருங்கள். எவருடைய பிறந்தநாளை முன்னிட்டு இவ்வறம் பிறந்ததோ அந்த ரூஸ்வெல்ட், தாம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் வெளிவராதபடி மிகுந்த எச்சரிக்கையுடன் இருந்தவர். அவர் பல்லாயிரம் முறை படம்பிடிக்கப்பட்டவர்; சக்கர நாற்காலியில் இருக்கும் படங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கன. நாற்காலியைக் கண்டால் மக்கள் தம்மைத் தலைவராகக் காணமாட்டார்கள், நோயாளியாகவே காண்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். பெரியவர்க்கு அந்தத் தற்காப்பு இருந்தது. சுவரொட்டிக் குழந்தைக்கு அது கிடைக்கவில்லை.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. தசைநலிவு நோயாளிகளுக்கான சங்கத்தின் பொருட்டு ஜெரி லூயிஸ் என்னும் புகழ்பெற்ற நடிகர் 1966 முதல் 2010 வரை ஆண்டுதோறும் செப்டம்பரில் நீண்ட நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். அவர் உழைப்பைக் குறைகூற எவராலும் இயலாது. கோடி கோடியாகப் பணம் சேர்ந்தது. ஆயினும் 1981-இல் ஈவன் கெம்ப் என்னும் வழக்கறிஞர், தாமே தசைநோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், நியூயார்க் டைம்ஸ் இதழில் கண்டித்து எழுதினார். ஆண்டுக்கொருமுறை எங்களை இரக்கத்திற்குரிய குழந்தைகளாகக் காட்டுகிறீர்கள். ஆண்டு முழுவதும் எங்களுக்கு வேலைதர வேண்டியவர்கள் அந்தக் கண்கொண்டே எங்களைப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நன்றி கெட்ட பேச்சு என்று சிலர் சீறினார்கள். ஆனால் கெம்ப் பிற்காலத்தில், வேலைவாய்ப்பில் வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் அரசாங்க ஆணையத்திற்கே தலைவரானார். அவர் சொன்னது கசப்பன்று, வழக்கறிஞரின் கணக்கு.

இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகள் வளர்ந்தார்கள் அல்லவா? அவர்களுள் ஒருவர் ஜூடித் ஹியூமன். 1949-இல், தவழும் பருவத்தில் அந்நோய் கண்டவர். பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, இந்தச் சக்கர நாற்காலி தீ விபத்துக் காலத்தில் இடையூறாகும் என்று சொல்லிச் சேர்க்க மறுத்தார்கள். படித்து ஆசிரியர் வேலை கேட்டபோதும் தடை. 1970-இல் வழக்காடி வென்றார். 1990 மார்ச் 12-ஆம் நாள், ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் தாமதப்படுவதைக் கண்டித்து, பலர் சக்கர நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டுத் தலைநகரத்துச் சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஏறினாள். அவ்வாண்டு ஜூலை 26-இல் சட்டம் கையெழுத்தாயிற்று. சுவரொட்டி வேண்டிக்கொண்டது இரக்கத்தை. படியேறியவர்கள் கேட்டது, படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம். எது பெரிய செலவு, எது பெரிய உதவி என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் விழாவே கூடாதா? கூடும். வடக்கே கனடாவில் ரிக் ஹேன்சன் என்ற இளைஞர் இதற்கு விடை தந்தார். 1973-இல், 15-ஆம் வயதில், மீன்பிடித்துத் திரும்பும் வழியில் வண்டி கவிழ்ந்து தண்டுவடம் முறிந்தவர். 1985 மார்ச் 21-ஆம் நாள் வான்கூவர் நகரினின்று சக்கர நாற்காலியில் புறப்பட்டு, 34 நாடுகளைக் கடந்து, 40,000 கிலோமீட்டருக்கு மேல் தம் கைகளாலேயே உருட்டிச் சென்று, 1987 மே 22-இல் ஊர் திரும்பினார். அயல்நாடுகளில் கிடைத்த நிதி சொற்பமே. தாய்நாட்டெல்லைக்குள் நுழைந்தபின் ஊர்கள் திரண்டு வந்தன. முடிவில் 2 கோடியே 60 லட்சம் டாலர் சேர்ந்தது; தண்டுவட ஆராய்ச்சிக்கும் உடற்குறையுடையார் நலத்திற்கும் பயன்பட்டது. இங்கும் சக்கர நாற்காலியைத்தான் மக்கள் பார்த்தார்கள். ஆனால் பார்த்த மனம் வேறு. அவர் காட்சிப் பொருளாக உட்காரவைக்கப்படவில்லை. தாமே தலைவராகி நடத்தினார். உருகியவர்களைவிட வியந்தவர்கள் அதிகம். இரக்கத்தால் கொடுப்பவர் கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வியப்பால் கொடுப்பவர் அடுத்தநாள் வந்து, இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்பார்.

இவ்வளவு தொலைவு போய் வந்தோம். நம் வீட்டுச் செல்வத்தை மறந்துவிட்டோமோ என்று நீங்கள் எண்ணலாம். அறுபத்துமூவர் திருவுருவங்களைச் சுற்றி வந்துதான் இப்பந்தலில் அமர்ந்திருக்கிறீர்கள். அவர்களுள் தண்டியடிகள் நாயனாரை நினைவுகூருங்கள். திருவாரூரிலே பிறவியிலேயே கண்ணில்லாதவராய்த் தோன்றியவர். திருக்கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம் தூர்ந்து குறுகுவதறிந்து, அதனைத் தோண்டி அகலமாக்கும் திருப்பணியைத் தாமே மேற்கொண்டார். குளத்தினுள்ளே ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டி எடுத்துவந்து கரையில் கொட்டினார். எள்ளியவர்கள் இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

கண்பெற்ற அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுகிறோம். அதற்கு முன்னே நிகழ்ந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் திருப்பணி பெற்றவர் அல்லர், செய்தவர். இரு கோலும் ஒரு கயிறும் அவருக்குப் போதுமாயிருந்தன. அந்தக் கயிறுதான் இன்று சாய்தளம். அந்தக் கோல்தான் இன்று பார்வையற்றோர் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்து. காதுகேளாதார்க்குச் சைகைமொழி பெயர்ப்பவரும் அந்தக் கயிறே. தண்டியடிகளுக்காக நிதி திரட்டுவதென்றால் நாம் எதற்குத் திரட்டுவோம்? அவர் படத்தைச் சுவரில் ஒட்டி அழுவதற்கா, கயிறு வாங்குவதற்கா?

இனி நம் இசைவிழாவுக்கு வருகிறேன். குழுவினர் காட்டிய நிகழ்ச்சிநிரலில், இடைவேளையின்போது இல்லத்துக் குழந்தைகள் மேடைக்கு வந்து நன்கொடையாளர்களின் கையிலிருந்து உடையும் இனிப்பும் பெற்றுக்கொள்வதாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டுகிறேன். உடையை இல்லத்திலேயே கொடுக்கலாம். அளவும் சரியாக இருக்கும். படம்பிடிப்பவர் வேண்டுமென்றால், பாடகரைப் பிடிக்கட்டும். அந்த இல்லத்தில் வயலின் பயில்பவர் இருந்தால், அவருக்குக் கால்மணி நேரம் மேடை கொடுங்கள். ஆனால் நன்றாக வாசித்தால் மட்டுமே கொடுங்கள். சலுகைக் கைத்தட்டலை வாசிப்பவர் உடனே கண்டுகொள்வார். விழாக் குழுவில் இல்லத்தார் இருவரை, வாக்குரிமையுள்ள உறுப்பினராகவே, சேர்க்க வேண்டும். எதற்குப் பணம் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். நாம் கட்டில் வாங்கலாம் என்றிருப்போம். அவர்களுக்குத் தையல் இயந்திரமோ கணிப்பொறியோ தேவைப்படலாம். கட்டில் வாங்குவது நம் வழக்கம், பெயர் எழுதி வைக்க இடம் இருக்கிறதல்லவா!

செலவுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தலும் விருந்தும் மாலையும் அழைப்பிதழும் வரவில் பாதியை விழுங்கிவிட்டால் அது விழாதான், நிதி திரட்டுதலன்று. வரவையும் செலவையும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். சீட்டு விலை எவ்வளவாயினும், வாயிலில் உண்டியல் ஒன்று இருக்கட்டும். கீரை விற்கும் அம்மையார் போடும் நாணயம் இல்லாமல் இந்த நிதி நிறைவுபெறாது.

கடைசியாக மேடை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுவிடங்களில் அவர்கள் தடையின்றி வந்துபோக வழிசெய்ய வேண்டும் என்கிறது. சட்டத்தை விட்டாலும், நம் விழாவுக்கு நம்முடைய விருந்தினர் ஏறமுடியாத மேடை எதற்கு? சாய்தளத்திற்குக் கணக்கு உண்டு: ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம். பந்தற்காரர் வழக்கமாகப் போடுவது மூன்றடி மேடை. அதற்கு முப்பத்தாறடிச் சாய்தளம் வேண்டும், வடக்கு மதிற்புறத்தில் அவ்வளவு இடமில்லை. மேடையை ஒன்றரையடியாகக் குறைத்தால் பதினெட்டடியில் அடங்கிவிடும். இருபுறமும் கைப்பிடிக் கழியும் கட்டலாம். பின்வரிசையில் இருப்பவர்க்குப் பாடகர் முகம் சற்றே மறையும். அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி, நாளை பந்தற்காரர் வரும்போது இதைச் சொல்லிவிடுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.